வேலைதான் தற்காலிகம், கண்ணு

கண்ணு,

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ் பிடித்து ஒரகடம் போகப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். "காண்ட்ராக்ட்தான் அக்கா, எட்டு மாசமோ பத்து மாசமோ. அதுல பி.எஃப். என்ன, இ.எஸ்.ஐ. என்ன, ஒண்ணும் பெருசா இருக்காது" என்றும் சேர்த்துக்கொண்டான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

1984-ல், பத்தொன்பது வயதில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில் காயில் சுற்றும் வேலைக்குப் போனபோது என் அப்பாவும், அதாவது உன் தாத்தாவும், இதையேதான் சொன்னார். நானும் நம்பினேன். பதினோரு வருடம் காண்ட்ராக்டர் மாற்றிக் காண்ட்ராக்டர் என்று ஓடினேன். அந்தப் பதினோரு வருடத்தில் என் கையை விட்டுப் போனதை எல்லாம் பென்ஷன் வாங்கும் வயதில்தான் கூட்டிப் பார்த்தேன். நீ அப்படி ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படி. பாதியைப் பஸ்ஸில் படித்தாலும் சரி.

1. முதலில், கேட்பதற்குக் கூச்சப்படாதே. வேலைக்குச் சேர்ந்த அன்று நான் கேட்டது ஒரே கேள்விதான்: "கையில எவ்வளவு வரும்?" "பிடித்தம் போக வரும்மா" என்றார் காண்ட்ராக்டரின் ஆள். என்ன பிடித்தம், அது எங்கே போகிறது என்று கேட்க வார்த்தை நாக்கு வரை வந்தது. பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். சேர்வதற்கு முன்பே கணக்குக் கேட்கிறாளே என்று நினைத்துவிடுவார்களோ என்று விழுங்கிவிட்டேன். விழுங்கிய அந்தக் கேள்வியை நான் திரும்பக் கேட்டது பன்னிரண்டு வருடம் கழித்து. நீ முதல் நாளே கேள். எந்தத் தேதியிலிருந்து பி.எஃப். கட்டுவீர்கள், இ.எஸ்.ஐ. எண் எப்போது வரும், பே ஸ்லிப் காகிதமா போனிலா, ஓ.டி. கணக்கு எப்படி என்று கேள். முகத்தைப் பார்த்து, குரல் உயர்த்தாமல் கேள். பணிவு வேறு, பயம் வேறு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நான் பயத்தைப் பணிவு என்று சொல்லியே பல வருடம் என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

2. உன் முதலாளி யார் என்று தெரிந்துகொள். கேட்டில் இருப்பது ஒரு பெயர், உன் பேட்ஜில் இருப்பது இன்னொரு பெயர், சம்பளம் வரும் பேங்க் மெசேஜில் மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கும். மூன்றையும் எழுதி வைத்துக்கொள். வேலைக்கு எடுத்த கடிதம் வாங்காமல் லைனில் நிற்காதே. 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. எங்கள் காலத்தில் ஒரு அட்டைதான். அதையும் மாலையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இன்னொன்றும் மனதில் வை. காண்ட்ராக்டர் சம்பளம் தராமல் கைவிட்டால் அந்தப் பொறுப்பு கம்பெனி மேல் விழும். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே அது இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் காண்ட்ராக்டர் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நாற்பது பெண்கள் அந்தப் பூட்டிய கதவின் முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். நூறடி தள்ளி இருந்த கம்பெனி கேட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை.

3. பே ஸ்லிப்பை வரி வரியாக வாசி. கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதே. உன் அப்பா சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் 16,000. அதில் பேஸிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 12,000. பி.எஃப்.க்கு உன் பங்கு அந்த 12,000-ல் நூற்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 1,440. அதே 1,440 முதலாளியும் போட வேண்டும். அவர் போடுவதில் ஏறக்குறைய 1,000 ரூபாய் உன் பென்ஷன் கணக்குக்குப் போகும். மீதி 440 உன் பி.எஃப்.பில் சேரும். இ.எஸ்.ஐ.யை மொத்தச் சம்பளத்தின் மேல் கணக்கிட்டால் உன் பங்கு நூற்றுக்கு முக்கால், 120 ரூபாய். அவர் பங்கு மூன்றேகால், 520. ஆக, உனக்குப் பிடித்தம் 1,560. கேன்டீன், ஹாஸ்டல் என்று வேறு பிடித்தால் அது என்ன என்று தனியாக எழுதியிருக்க வேண்டும்.

இங்கே இரண்டு இடத்தில் கவனமாக இரு. சேர்க்கும்போது "பதினெட்டாயிரம் சம்பளம்" என்பார்கள். முதலாளியின் பங்கையும் கூட்டிச் சொன்ன தொகை அது. உன் சம்பளம் என்று மனதில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிடாதே. இரண்டாவது இன்னும் மோசம். சிலர் முதலாளியின் பங்கையும் தொழிலாளியின் கூலியிலிருந்தே பிடித்துவிடுவார்கள். சட்டம் அதை அனுமதிக்கவில்லை. எனக்கு மூன்று வருடம் அப்படித்தான் பிடித்தார்கள். ஸ்லிப்பில் "பி.எஃப்." என்று ஒரே வரி, ஒரே தொகை. பக்கத்து ஷெட்டில் பெர்மனென்ட்டாக இருந்த ஒரு அக்கா என் ஸ்லிப்பை வாங்கிப் பார்த்து, "என்னடி, எனக்குப் பிடிக்கறத விட உனக்கு ஜாஸ்தி பிடிக்கறான்" என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

4. உன் பெயரைச் சரியாக வைத்துக்கொள். சிரிக்காதே, நம் ஊரில் பி.எஃப். பணம் வருடக்கணக்கில் சிக்கிக் கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பேங்க் புத்தகத்தில் முன்னால் இருக்கும், பான் கார்டில் உன் அப்பா பெயர் முழுதாக நீண்டு கிடக்கும். கம்ப்யூட்டருக்கு மூன்றும் மூன்று பெண்கள். பிறந்த தேதியும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, ஆதாரில் ஒன்று. சேருவதற்கு முன்னால் இந்த வார இறுதியிலேயே எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் பரப்பி ஒத்துப் பார். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்து. வேலைக்குச் சேரும்போது தரும் படிவத்தில் ஆதாரில் உள்ளபடியே எழுது. ஆதாரோடு சேர்ந்த போன் நம்பரை ஆஃபர் வருகிறது என்று மாற்றித் தொலைக்காதே. ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

5. ஒரே எண். இதை மட்டும் நீ மறந்தால் எனக்குக் கோபம் வரும்.

என் கதையைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதங்களுக்குள் 480 நாள் ஒரே இடத்தில் தொடர்ந்து வேலை பார்த்தால் பெர்மனென்ட் ஆக்க வேண்டும் என்பது அது. நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கேள்விப்படவில்லை. ஒன்றரை வருடம் ஆகும்போது சூப்பர்வைசர் மிகவும் அன்பாகக் கூப்பிடுவார். "ரொம்ப உழைச்சிட்டே, ஒரு மாசம் ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுத்துட்டு வா" என்பார். நானும் மாம்பழம் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக ஊருக்குப் போவேன். உன் அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. அக்கா வந்துவிட்டாள் என்று தெரு முழுக்க ஓடுவான். திரும்பி வந்தால் வேறு காண்ட்ராக்டர் பெயரில் புது அட்டை. புது அட்டை என்றால் புதுப் பி.எஃப். எண். பழையது என்ன ஆனது என்று நான் கேட்டதில்லை. பதினோரு வருடம், மூன்று கம்பெனி, ஐந்து எண்கள். 1996-ல் பாடியில் ஒரு கம்பெனியில் நிரந்தரமான பிறகு ஒரு நாள் அந்த ஐந்தையும் தேடிக் கிளம்பினேன். இரண்டு எண்கள் பழைய டைரியில் பென்சிலில் இருந்தன. மூன்றை எழுதியே வைக்கவில்லை. இரண்டு காண்ட்ராக்டர்கள் தொழிலையே விட்டிருந்தார்கள், ஒருவர் இறந்துபோயிருந்தார். அவர் மனைவி வீட்டுக்குள் கூப்பிட்டுக் காபி கொடுத்து, "பேப்பரெல்லாம் போன மழையில கரையான் அரிச்சுடுச்சும்மா" என்றார். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. 58 வயதில் பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தபோது, என் முதல் பதினோரு வருடம் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. காயில் கம்பி அறுத்த தழும்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. காகிதத்தில்தான் அந்த வருடங்கள் இல்லை.

உன் காலம் நல்ல காலம். 2014-லிருந்து யு.ஏ.என். என்று பன்னிரண்டு இலக்க எண் ஒன்று வந்துவிட்டது. எத்தனை கம்பெனி மாறினாலும் அது மாறாது. போன வருடம் விடுமுறையில் மூன்று மாதம் ஒரு குடோனில் பேக்கிங் வேலை பார்த்தாயே, அங்கேயே உனக்கு ஒன்று போட்டிருக்கலாம். அதைத் தேடி எடு. புதிய இடத்தில், "முன்பு பி.எஃப். உறுப்பினராக இருந்தீர்களா?" என்று படிவத்தில் கேட்பார்கள். அவசரத்தில் "இல்லை" என்று டிக் அடித்துவிடாதே. அந்த ஒரு டிக்கில் இரண்டாவது எண் பிறந்துவிடும். வேலையை விட்டு நிற்கும்போது, நீ நின்ற தேதியைப் பழைய காண்ட்ராக்டர் பதிவு செய்தாரா என்று பார். அவர் செய்யாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீயே போட்டுக்கொள்ளலாம். மாதா மாதம் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார். ஸ்லிப்பில் பிடித்தது அங்கே ஏறியிருக்க வேண்டும். ஸ்லிப்பில் பிடித்து, பாஸ்புக்கில் ஏறவில்லை என்றால், ஒரு மாதம் பொறுத்துக் கேள். இரண்டாவது மாதம் எழுதிக் கேள். அதற்கும் பதில் இல்லையென்றால் பி.எஃப். ஆபீஸ் நடத்தும் குறைகேட்பு முகாமுக்குப் போ. மாதத்தின் 27-ஆம் தேதி வாக்கில் மாவட்டந்தோறும் நடக்கிறது.

6. இ.எஸ்.ஐ. அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே தயார் செய். 1991 மழைக்காலத்தில் எனக்கு மஞ்சள் காமாலை. அட்டை வீட்டில்தான் இருந்தது, அரிசி டின்னுக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றி, புத்தம்புதிதாக. "அங்கெல்லாம் மணிக்கணக்கா நிக்கணும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு தனியார் நர்சிங் ஹோமில் படுத்தேன். கல்யாணத்துக்கு உன் பாட்டி போட்ட தோடு அடகுக்குப் போனது. இருபத்து மூன்று நாள் கூலியும் போனது. தோடு திரும்பி வரவில்லை. நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, பேக்கிங்கில் இருந்த ஒரு அம்மா சொன்னார்: "அட பைத்தியமே, அங்க வைத்தியமும் இலவசம், படுத்திருந்த நாளுக்குக் காசும் குடுப்பானே."

அந்தக் காசைப் பற்றி நீ விவரமாகத் தெரிந்துகொள், ஏனென்றால் உன்னைப் போல விட்டு விட்டு வேலை பார்ப்பவர்களுக்குத்தான் இது கை நழுவும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நீ கட்டியது, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உன்னைத் தாங்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது, ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்த ஆறு மாதத்தில் 78 நாளாவது உனக்காகப் பணம் கட்டப்பட்டிருந்தால், நோயில் படுக்கும்போது கூலியில் நூற்றுக்கு எழுபது, வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் வேண்டும். 70 நாளில் உன்னை நிறுத்தப் பார்த்தால், அந்த எட்டு நாளின் மதிப்பு என்ன என்று இப்போது உனக்குத் தெரியும்.

வைத்தியம் உனக்கு மட்டும் இல்லை. உன்னை நம்பியிருக்கும் அம்மா அப்பாவுக்கும், அவர்கள் சொந்த வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால், உண்டு. பதிவு செய்யும்போது குடும்பம் என்ற இடத்தில் அவர்கள் பெயரையும் போட்டோவையும் சேர். நீ ஹாஸ்டலில், அவர்கள் ஊரில் என்றால் அவர்களுக்கு ஊர்ப் பக்கத்து டிஸ்பென்சரியையே கேட்டு வாங்கு. உன் அம்மா சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறாள். உனக்குத் தெரியுமா? உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

7. அடிபட்டால் மறைக்காதே. லைன் நிற்கும், சூப்பர்வைசர் திட்டுவார், அடுத்த மாதம் கூப்பிட மாட்டார்கள் என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்ப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலையில் பட்ட காயத்துக்கு 78 நாள் கணக்கெல்லாம் இல்லை. சேர்ந்த முதல் நாளே பட்டாலும் இ.எஸ்.ஐ. உண்டு, படுத்திருக்கும் நாளுக்குக் கூலியில் நூற்றுக்குத் தொண்ணூறு. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்துக்கும் 2010-க்குப் பிறகு அது பொருந்தும். ஆனால் அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். எங்களோடு இருந்த ஒரு தங்கச்சிக்குப் பிரஸ்ஸில் ஆள்காட்டி விரல் நுனி போனது. "வீட்ல கதவிடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு, செலவு நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். அவளும் அப்படியே சொன்னாள். தையல் போட்ட அன்று செலவைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் பார்க்கவில்லை. சாட்சிக்கு நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நானும் வாய் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு மிகக் கஷ்டமான வரி இதுதான்.

8. படிக்காமல் கையெழுத்துப் போடாதே. வெற்றுத்தாளில் ஒருநாளும் போடாதே. தேதி இல்லாத ராஜினாமாவைச் சேரும்போதே வாங்கிக்கொள்ளும் வழக்கம் அன்றைக்கு இருந்தது. இன்றைக்கு அதே காகிதம் போனில் "அக்செப்ட்" என்று வரலாம். "ஒரு போட்டோ எடுத்துக்கறேன் சார்" என்று சொல். அதை உன் அப்பாவுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு போடு.

9. பெண் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். 1989-ல் எனக்கு ஏழாவது மாதம். "வயிறு தெரியுது, நாளையிலேர்ந்து வேணாம்" என்றார் காண்ட்ராக்டர். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பிரசவ காலத்துக்கு இ.எஸ்.ஐ. பணம் தரும், அதைத் தருவது காண்ட்ராக்டர் இல்லை என்பதே எனக்குத் தெரியாது. இப்போது முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம், முழுக் கூலி. அதற்கு முந்தின இரண்டு ஆறு மாதக் கணக்குகளில் 70 நாள் கட்டியிருந்தால் போதும். உனக்கு இன்று இது வேண்டியதில்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டு முகம் கழுவி வரும் பெண்ணுக்கு வேண்டியிருக்கும். அவளிடம் சொல். எனக்கு யாரும் சொல்லவில்லை.

10. வேலை முடிந்ததும் பி.எஃப். பணத்தை உருவாதே. எட்டு மாதம் கழித்து கணக்கில் பதினைந்தாயிரம் சேர்ந்திருக்கும். ஒரு புது போன் கண்ணில் ஆடும். தோழிகள் எல்லோரும் எடுத்திருப்பார்கள். கேட் எதிரே கம்ப்யூட்டர் சென்டரில் கமிஷன் வாங்கிக்கொண்டு எடுத்துத் தர ஆளும் இருப்பான். விதைநெல்லைக் குத்திப் பொங்கல் வைத்த வீடு அடுத்த ஆடியில் என்ன செய்யும்? பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். அது ஒரே கம்பெனியில் இருக்க வேண்டும் என்று இல்லை, இடையில் விட்டிருந்தாலும் பரவாயில்லை. எட்டு மாதம், பதினோரு மாதம், ஒன்றரை வருடம் என்று துண்டு துண்டாகச் சேர்ந்தாலே போதும். பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் அந்த எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். புதிய வேலைக்கு மாற்றிக்கொள். கிடக்கும் பணத்துக்கு வட்டி உண்டு, 2024-25-க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். வீட்டில் உண்மையான கஷ்டம் வந்தால் எடு, அதில் தப்பில்லை. அது கஷ்டமா ஆசையா என்று ஒரு இரவு தூங்கி எழுந்து பார்த்துவிட்டு எடு.

11. நியமனதாரர் பெயரை எழுது. பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு ஏழு லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு. அதற்கு நீ ஒரு பைசா கட்டுவதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். கல்யாணமாகாத பெண்ணிடம் சாவைப் பற்றிப் பேசுகிறாளே அத்தை என்று உன் அம்மா முகத்தைச் சுளிப்பாள். எங்கள் ஷிஃப்ட்டில் ஒரு தம்பி லாரி விபத்தில் போனான். அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தான். அவன் அம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர், வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் எத்தனை வெயிலில் நின்றார் என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிட வேலை. கல்யாணமானால் முன்பு எழுதியது செல்லாது; அன்றைக்கு மறக்காமல் புதிதாக எழுது.

12. போனஸ், கிராஜுவிட்டி என்பதெல்லாம் பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும் என்று எண்ணாதே. ஒரு கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே போனஸ் கேட்க இடமுண்டு; குறைந்தது 8.33 சதவீதம். நடுவில் நின்றுவிட்டாலும், பார்த்த நாளுக்கு உண்டு. தீபாவளிக்கு முன்னால் ஒரு போன் செய்து கேள். ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி. கம்பெனியே நேரடியாக இத்தனை மாதம் என்று எழுதி எடுத்துக்கொண்டால், புதிய சட்டப்படி ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. காண்ட்ராக்டர் வழியாகப் போகும் உனக்கு அந்த ஒரு வருடச் சலுகை பொருந்தாது. அதனால்தான் வேலைக் கடிதத்தை வாங்கச் சொன்னேன்; அதில் என்ன வார்த்தை போட்டிருக்கிறார்கள் என்று பார்.

13. உன் சட்டை நிறம் வேறாக இருக்கும். பெர்மனென்ட் ஆட்களுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. கேன்டீனில் அவர்கள் ஒரு பக்கம் உட்கார்வார்கள். முதல் வாரம் உனக்குத் தொண்டையை அடைக்கும். அப்போது இரண்டு தப்பு செய்யத் தோன்றும். ஒன்று, "நாம டெம்பரரிதானே" என்று வேலையில் கை தளர்வது. இன்னொன்று, அவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று அளவுக்கு மீறிக் குனிவது. நான் இரண்டையும் செய்திருக்கிறேன். 1987-ல் ஒரு லாட் காயிலில் சுற்று எண்ணிக்கையை ஏனோதானோ என்று விட்டேன். இன்ஸ்பெக்‌ஷனில் பிடித்து என்னைக் கூப்பிட்டவர் ஒரு வயதான சார்ஜ்மேன். திட்டவில்லை. "கரண்ட்டுக்கு நீ காண்ட்ராக்டா பெர்மனென்ட்டான்னு தெரியாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தனை காயிலையும் என்னோடு உட்கார்ந்து பிரித்துச் சுற்றினார். அன்றிலிருந்து நான் சுற்றிய காயில் திரும்பி வந்ததில்லை. பின்னால் பாடியில் என்னை நிரந்தரமாக எடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னதும் அவர்தான்.

14. தெரிந்ததைச் சொல்லிக் கொடு. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் உன் லைனில் நிறைய இருப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் ஸ்லிப்பும் புரியாது, இங்கிலீஷ் ஸ்லிப்பும் புரியாது. உன் ஸ்லிப்பை அவர்கள் ஸ்லிப்பின் பக்கத்தில் வைத்து விரலால் காட்டு. அதற்கு மொழி வேண்டாம். தனியாக ஒருத்தி போய்க் கேட்டால் தொந்தரவு என்பார்கள், பத்துப் பேர் சேர்ந்து மரியாதையாகக் கேட்டால் உட்காரச் சொல்வார்கள்.

உன் அப்பாவிடம் ஒரு நீலக் கோப்பு கொடுத்தனுப்பியிருக்கிறேன். நான்கு பிளாஸ்டிக் உறைகள் போட்டிருக்கிறேன்: வேலைக் கடிதம், ஸ்லிப்கள், இ.எஸ்.ஐ., பி.எஃப். முதல் உறையில் என் பழைய அட்டை ஒன்று இருக்கும், 1986-ஆம் வருடத்தது, ஓரம் கிழிந்தது. அதில் பி.எஃப். எண் என்று போட்டு எதிரே வெறும் கோடு இருக்கும். அதை எடுத்துவிடாதே, அங்கேயே இருக்கட்டும். முதல் மாதச் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. உனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம். மூக்குக்கண்ணாடியை நான் இப்போதே துடைத்து வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அத்தை